எம்டிஎஃப் ஃபைலை நொடிக்கு நொடி காப்பி எடுத்தால் போதுமா?

வாசகர் கேள்வி:

ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்குப் பிரிவையும் கம்ப்யூட்டர்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ் புரோகிராமான எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் ஓடுகிறது. டேட்டாபேஸ் சுமார் 7 ஜிபி. பன்னிரண்டு பேர் காலையிலிருந்து இரவு வரை பதிவு செய்கிறார்கள். மணிக்கு 60 பில் போகும். இதுவரை இரவு 11 மணிக்கு சர்வீஸை நிறுத்தி, டேட்டா ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து வந்தோம். போன மாதம் சர்வரின் டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு கன்ட்ரோலர் பழுதாகி, இரண்டு டிஸ்க்கையும் படிக்க முடியாமல் போனது. ஒரு நாள் வேலை முழுக்கப் போயிற்று. திரும்பப் பதிவு செய்ய மூன்று நாள் ஆனது. "இங்கே எழுதுவது அதே நொடியில் இன்னொரு கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். ஃபோல்டரைக் கண்காணித்து, மாற்றங்களை உடனுக்குடன் காப்பி செய்யும் சிங்க் சாஃப்ட்வேர் ஒன்று வாங்கினேன். பெரும்பாலும் 'ஃபைல் பயன்பாட்டில் உள்ளது' என்று பிழை காட்டுகிறது. சில நாள் மதிய இடைவேளையில் மட்டும் காப்பி ஆகிறது. திறந்திருக்கும் ஃபைலையும் காப்பி செய்யும் வசதியை ஆன் செய்யச் சொல்கிறார் ஒரு நண்பர். டேட்டா ஃபோல்டரையே கிளவுட் டிரைவுக்குள் வைத்துவிடச் சொல்கிறார் இன்னொருவர். எது சரி? வேறு எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

பதில்:

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். டேட்டா ஃபோல்டரை கிளவுட் டிரைவுக்குள் கொண்டுபோக வேண்டாம். அந்த வகை புரோகிராம்கள் வேர்டு, எக்செல் போன்ற ஃபைல்களுக்காக எழுதப்பட்டவை. ஒருவர் திறப்பார், சேமிப்பார், மூடுவார். மூடியதும் ஃபைல் மேலே ஏறும். டேட்டாபேஸ் ஃபைலோ வேலை நேரம் முழுக்கத் திறந்தே கிடக்கும். சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்போது சிங்க் புரோகிராம் முந்திக்கொண்டு ஃபைலைப் பிடித்துவிட்டால், எஸ்கியூஎல் சர்வரால் டேட்டாபேஸைத் திறக்க முடியாது. அதைவிட மோசமான ஆபத்து ஒன்றும் உண்டு: கிளவுடில் கிடக்கும் பழைய பிரதி கீழே இறங்கி, நல்ல ஃபைலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். இருப்பதையும் கெடுத்துவிடக்கூடிய ஏற்பாடு அது.

இனி நீங்கள் வாங்கிய சிங்க் சாஃப்ட்வேருக்கு வருவோம். மதிய இடைவேளையில் மட்டும் காப்பி ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் பதிப்பில் உருவாக்கப்பட்ட டேட்டாபேஸ்களில் 'ஆட்டோ க்ளோஸ்' என்ற அமைப்பு பெரும்பாலும் ஆனில் இருக்கும். கடைசி ஆளும் பில்லிங் திரையை மூடியதும் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸை மூடிவிடும்; டேட்டா இருக்கும் எம்டிஎஃப், மாற்றங்கள் வரிசையாகப் பதியும் எல்டிஎஃப் ஆகிய இரண்டு ஃபைல்களும் விடுபடும். அந்த இடைவெளியில் உங்கள் சாஃப்ட்வேர் புகுந்து காப்பி எடுத்திருக்கிறது. அப்படி எடுத்த காப்பி பயன்படலாம்தான். ஆனால் அது சாப்பாட்டு நேரம் எப்போது வருகிறதோ அப்போதைய நிலவரம். மாலை ஆறு மணிக்கு டிஸ்க் போனால் மதியம் வரைதான் கையில் இருக்கும். போகிற போக்கில் ஒன்று: அந்த அமைப்பை ஆஃப் செய்துவிடுங்கள். ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் நேரம் வீணாகிறது.

இன்னொன்றும் நடந்திருக்கும், அதை நீங்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. ஃபோல்டரைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேர்கள் பொதுவாக இரண்டைத்தான் பார்க்கின்றன: ஃபைலின் அளவு, கடைசியாக மாற்றப்பட்ட நேரம். எஸ்கியூஎல் சர்வர் எம்டிஎஃப் ஃபைலுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கிவைத்து, அதற்குள்ளேயே எழுதிக்கொண்டிருக்கும். அதனால் நூறு பில் போட்டாலும் அளவு மாறாது. ஃபைல் மூடப்படாததால் மாற்றப்பட்ட நேரமும் புதுப்பிக்கப்படாமல் நேற்றைய தேதியிலேயே நிற்கக்கூடும். சிங்க் சாஃப்ட்வேர் பார்த்துவிட்டு, 'மாற்றம் ஒன்றும் இல்லை' என்று பச்சை டிக் போட்டுவிடும். பிழை காட்டினால்கூட நாம் விழித்துக்கொள்வோம். இந்தப் பச்சை டிக் நம்மைத் தூங்க வைத்துவிடும்.

சரி, ஃபைல் பூட்டு ஒரு தடையாகவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். திறந்திருக்கும் ஃபைலை எப்படியோ படித்துக் காப்பி எடுத்துவிடலாம். அப்போதும் ஒரு கணக்கு இடிக்கிறது. 7 ஜிபி ஃபைலை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் முடிக்க 70 நொடி ஆகும். ஃபைலின் தலைப்பகுதி முதல் நொடியின் நிலவரம், வால்பகுதி எழுபதாவது நொடியின் நிலவரம். இடையில் ஒருவர் பில் போடுகிறார். பில்லின் தலைப்பு விவரம் ஃபைலின் முன்பகுதியில் ஒரு பக்கத்தில் விழுகிறது. அங்கே காப்பி ஏற்கெனவே கடந்துவிட்டது. அதே பில்லின் சரக்கு வரிகளும் இன்டெக்ஸும் பின்பகுதியில் விழுகின்றன. அங்கே காப்பி இனிமேல்தான் போகும். ஆக, காப்பியில் சரக்கு வரிகள் இருக்கும், அவை எந்த பில்லைச் சேர்ந்தவை என்ற விவரம் இருக்காது. எந்த ஒரு நொடியிலும் உங்கள் சர்வரில் இருந்திராத ஒரு டேட்டாபேஸ் அது. எஸ்கியூஎல் சர்வர் 8 கேபி பக்கங்களாக எழுதுகிறது. அப்படி ஒரு பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே படித்துவிட்டால், பாதி புதியதும் பாதி பழையதுமாக ஒரே பக்கம் கிழிந்து வரும். எல்டிஎஃப் ஃபைல் வேறொரு நேரத்தில் காப்பி ஆகியிருக்கும். இப்படிச் சேர்ந்த இரண்டையும் வைத்து டேட்டாபேஸைத் திறக்க முயன்றால், சில சமயம் திறக்காது. திறந்துவிட்டால்தான் இன்னும் கஷ்டம்: மூன்று வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளர் கணக்கை எடுக்கும்போதுதான் ஓட்டை தெரியவரும்.

உங்கள் நண்பர் சொன்ன 'திறந்திருக்கும் ஃபைலையும் காப்பி செய்யும் வசதி' விண்டோஸின் வால்யூம் ஷேடோ காப்பியைத்தான் பயன்படுத்துகிறது. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எஸ்கியூஎல் சர்வரோடு 'எஸ்கியூஎல் ரைட்டர்' என்ற சர்வீஸ் வருகிறது. காப்பி எடுக்கும் சாஃப்ட்வேர் அதை முறைப்படி அழைத்தால், எழுதும் வேலை சில நொடி நிறுத்தப்பட்டு, எல்லா ஃபைல்களும் ஒரே கணத்தில் படம் பிடிக்கப்படும். அந்தப் படம் நம்பத்தக்கது. ஆனால் அது ஒரு கணத்தின் படம் மட்டுமே. ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு ஷேடோ காப்பி எடுத்துக்கொண்டிருக்க முடியாது. இரவு முழு சர்வரையும் பேக்கப் எடுக்க அது ஏற்றது. முதலாளி கேட்கும் 'அதே நொடி'க்கு உதவாது.

அந்த நொடி எங்கே இருக்கிறது? நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் இதைச் சொல்வது எளிது. பரிவர்த்தனை நடந்தவுடன் குறிப்பேட்டில் எழுதுகிறோம். பேரேட்டில் அப்புறம் ஏற்றுகிறோம். எஸ்கியூஎல் சர்வரும் இதே ஒழுங்கில்தான் வேலை செய்கிறது. பில்லைச் சேமி என்று அழுத்தியதும், அந்த மாற்றம் முதலில் எல்டிஎஃப் எனப்படும் லாக் ஃபைலில் வரிசையாக எழுதப்பட்டு டிஸ்க்கில் பதிகிறது. பதிந்த பிறகுதான் 'சேமிக்கப்பட்டது' என்ற பதில் திரைக்கு வருகிறது. எம்டிஎஃப்-இல் உரிய பக்கம் அந்த நேரத்தில் மாறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. மாற்றம் மெமரியில் நிற்கும். 'செக்பாயின்ட்' நடக்கும்போது டிஸ்க்குக்குப் போகும். 2016 பதிப்பு முதல் புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸ்களுக்கு இந்த இடைவெளியின் இலக்கு 60 நொடி. அதாவது எம்டிஎஃப் ஃபைல் எப்போதுமே கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கும். அதை எவ்வளவு துல்லியமாக, எவ்வளவு வேகமாகக் காப்பி செய்தாலும் கிடைப்பது பின்தங்கிய பிரதிதான். உங்களுக்கு வேண்டியது லாக். அதில்தான் ஒவ்வொரு மாற்றமும் நடந்த வரிசையில் இருக்கிறது. அளவிலும் அது சிறியது. ஒரு வரி மாறியதற்காக 7 ஜிபியைத் தொட வேண்டியதில்லை.

ஆகவே ஃபைலை மிரர் செய்யும் யோசனையை விட்டுவிட்டு, லாகை அனுப்பும் யோசனைக்கு வாருங்கள். அதற்கு எஸ்கியூஎல் சர்வரிலேயே வழி இருக்கிறது.

அதற்கு முன் முதலாளியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எத்தனை நிமிட வேலை போனால் தாங்க முடியும்? 'ஒரு நொடிகூடக் கூடாது' என்றுதான் முதலில் பதில் வரும். அப்படியானால் ஒவ்வொரு பில்லும் இரண்டாவது சர்வரின் லாகிலும் பதிந்த பிறகே திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வர வேண்டும். இதற்கான ஏற்பாடு உண்டு. எஸ்கியூஎல் சர்வர் 2005-இல் டேட்டாபேஸ் மிரரிங் வந்தது. 2012-இல் ஆல்வேஸ் ஆன் அவைலபிலிட்டி குரூப் வந்ததும், மிரரிங் இனி கைவிடப்படும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. 2016 முதல் ஸ்டாண்டர்டு பதிப்பிலும் அவைலபிலிட்டி குரூப்பின் எளிய வடிவம் கிடைக்கிறது. உங்களிடம் இருக்கும் எக்ஸ்பிரஸில் இது இல்லை. ஸ்டாண்டர்டு உரிமம் வாங்க வேண்டும், இரண்டாவது சர்வரும் முதலாவதற்கு ஈடாக இருக்க வேண்டும், நடுவில் நெட்வொர்க் திணறினால் பில் போடுபவரின் திரையும் திணறும். மணிக்கு 60 பில் என்றால் 5 நிமிடத்துக்கு 5 பில். விபத்து நடந்த அன்று அச்சடித்த பிரதியைப் பார்த்து 5 பில்லைத் திரும்பப் போடுவது பெரிய வேலையில்லை. உங்கள் நிறுவனத்துக்கு 5 நிமிடம் போதும் என்பது என் தீர்மானமான கருத்து. அந்த 5 நிமிடத்துக்கு எந்த சாஃப்ட்வேரும் புதிதாக வாங்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. டேட்டாபேஸின் ரெகவரி மாடல் (லாகை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லும் அமைப்பு) இப்போது என்னவென்று பாருங்கள். எக்ஸ்பிரஸில் அது பெரும்பாலும் 'சிம்பிள்' என்று இருக்கும். சிம்பிளில், எம்டிஎஃப்-க்குப் போய்ச் சேர்ந்த மாற்றங்களின் லாக் இடத்தை எஸ்கியூஎல் சர்வர் மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். லாக் பேக்கப் எடுக்கவே முடியாது. அதை 'ஃபுல்' என்று மாற்றி, உடனடியாக ஒரு முழு பேக்கப் எடுங்கள். அந்த முழு பேக்கப் இல்லாமல் லாக் சங்கிலி, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக வரும் லாக் பேக்கப்புகளின் தொடர், தொடங்காது. ஃபுல்லுக்கு மாற்றிவிட்டு லாக் பேக்கப்பை அமைக்க மறந்தால் எல்டிஎஃப் வீங்கிக்கொண்டே போய் டிஸ்க்கை நிரப்பிவிடும், பில்லிங் நின்றுவிடும். எனவே இந்த இரண்டையும் ஒரே நாளில் செய்து முடியுங்கள். பாதியில் விட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

பிறகு 5 நிமிடத்துக்கு ஒரு முறை லாக் பேக்கப். வேலைகளை நேரப்படி ஓட்டும் எஸ்கியூஎல் ஏஜென்ட் எக்ஸ்பிரஸில் கிடையாது. அதனால் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு சிறிய பேட்ச் ஃபைலை வைத்து, எஸ்கியூஎல் சர்வருக்குக் கட்டளை அனுப்பும் எஸ்கியூஎல்சிஎம்டி கருவி மூலம் லாக் பேக்கப் கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு ஃபைலின் பெயரிலும் தேதியும் நேரமும் வரட்டும். ஒரே பெயரில் மேலெழுதினால் சங்கிலி அறுந்துவிடும். இரவில் தினமும் ஒரு முழு பேக்கப். அதற்கு சர்வீஸை நிறுத்த வேண்டாம். பேக்கப் கட்டளை டேட்டாபேஸ் ஓடும்போதே முரண்பாடில்லாத பிரதியைத் தரும். முழு பேக்கப் எடுப்பதால் லாக் சங்கிலி அறுவதும் இல்லை. இரண்டு கட்டளைகளிலும் 'செக்சம்' விருப்பத்தைச் சேர்த்துவிட்டால், கெட்டுப்போன பக்கம் இருந்தால் பேக்கப் எடுக்கும்போதே தெரியவரும்.

நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய சிங்க் சாஃப்ட்வேருக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது. பேக்கப் ஃபைல் எழுதி முடிந்ததும் மூடப்பட்டுவிடும், அதற்குப் பிறகு மாறாது. சிங்க் சாஃப்ட்வேர் பிசிறில்லாமல் காப்பி செய்வது இப்படிப்பட்ட ஃபைலைத்தான். லாக் பேக்கப் போய் விழும் ஃபோல்டரை மட்டும் அது கண்காணிக்கட்டும். ஓர் அமைப்பை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள்: மூலத்தில் அழித்தால் பிரதியிலும் அழிக்கும் வசதியை ஆஃப் செய்யுங்கள். விண்டோஸின் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பியைப் பயன்படுத்துபவர்கள் 'மிர்' விருப்பத்தைப் போடுவதும் இதே ஆபத்துதான். மூலத்தில் இல்லாத ஃபைல்களை அது மறுமுனையில் அழித்துவிடும்.

முடிந்தால் இன்னும் ஒரு படி. சர்வர் அந்தப் பக்கம் தள்ளுவதைவிட, பேக்கப் கம்ப்யூட்டர் இந்தப் பக்கம் வந்து எடுத்துக்கொள்வது மேல். பேக்கப் கம்ப்யூட்டருக்குத் தனி பாஸ்வேர்டு இருக்கட்டும், சர்வருக்கு அங்கே எழுதவோ அழிக்கவோ அனுமதி இருக்கக் கூடாது. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சர்வரில் புகுந்தால், அந்த சர்வரின் கணக்கு எங்கெல்லாம் எழுத முடியுமோ அங்கெல்லாம் அதுவும் எழுதும். டிரைவ் எழுத்தாக மேப் செய்து வைத்திருக்கும் பேக்கப் ஃபோல்டரும் அதில் போய்விடும்.

இரண்டாவது கம்ப்யூட்டரில் எக்ஸ்பிரஸை நிறுவி, முழு பேக்கப்பை 'நோரெகவரி' நிலையில் (மேலும் லாகை ஏற்ற வசதியாகத் திறக்காமல்) ரெஸ்டோர் செய்து, வந்து சேரும் ஒவ்வொரு லாகையும் வரிசையாக அதன் மேல் ஏற்றிக்கொண்டே இருக்கலாம். சர்வர் விழுந்தால் கடைசி லாகையும் ஏற்றி, டேட்டாபேஸைத் திறந்து, பில்லிங் திரைகளை அந்தப் பக்கம் திருப்பினால் வேலை தொடரும். இதில் பலர் இடறும் இடங்கள் இரண்டு உண்டு. இரண்டாவது கம்ப்யூட்டரின் எஸ்கியூஎல் சர்வர் அதே பதிப்பாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும். புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழையது ஏற்காது. அடுத்தது, உள்ளே நுழையும் பயனர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் உங்கள் டேட்டாபேஸுக்குள் இல்லை, 'மாஸ்டர்' என்ற வேறொரு டேட்டாபேஸில் இருக்கின்றன. அவற்றைத் தனியாக எடுத்து இரண்டாவது கம்ப்யூட்டரில் உருவாக்கி வைக்காவிட்டால், டேட்டா முழுக்க வந்திருந்தும் ஒருவராலும் உள்ளே நுழைய முடியாது. பில்லிங் சாஃப்ட்வேரின் இன்ஸ்டாலர், உரிமச் சாவி, அமைப்பு ஃபைல்கள் ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை.

சர்வரில் இரண்டு தனித்தனி டிஸ்க் வைக்க இடம் இருந்தால் எம்டிஎஃப்-ஐ ஒன்றிலும் எல்டிஎஃப்-ஐ மற்றதிலும் வையுங்கள். எம்டிஎஃப் இருக்கும் டிஸ்க் மட்டும் செத்துப்போனால், எல்டிஎஃப்-இல் கடைசி லாக் பேக்கப்புக்குப் பிறகு எழுதப்பட்டவை உயிரோடு இருக்கும். அந்த மிச்சத்தை 'டெயில் லாக்' பேக்கப்பாக எடுக்கலாம். அப்படி எடுத்துவிட்டால் அந்த 5 நிமிடமும் போகாது, கடைசி பில் வரை திரும்பி வரும். டிஸ்க் போன பதற்றத்தில் சர்வரை ஃபார்மேட் செய்துவிடுகிறவர்கள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள். முதலில் எல்டிஎஃப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு ஃபைல்களும் ஒரே ரெய்டு தொகுப்பில் இருந்தால் கன்ட்ரோலர் பழுது இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

இவ்வளவு நேரம் டிஸ்க் பழுதைப் பற்றியே பேசினோம். உங்கள் கடிதத்தில் இல்லாத இன்னொரு விபத்து இருக்கிறது. அது டிஸ்க் பழுதைவிட எனக்குக் கவலை தருவது. யாரோ ஒருவர் தெரியாமல் ஒரு மாதப் பில்களை அழித்துவிடுகிறார். அல்லது சாஃப்ட்வேர் அப்டேட் ஒன்று எல்லாப் பொருள்களின் விலையையும் பூஜ்யம் ஆக்கிவிடுகிறது. மிரர் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு வேகமாக அந்தத் தவறும் மறுபக்கம் போய்ச் சேரும். அப்போது இரண்டு சர்வரிலும் ஒரே தவறு இருக்கும். மிரர், சர்வர் விழுந்தாலும் வேலை நிற்காமல் இருப்பதற்கு. பேக்கப், நேற்றைக்கோ பிற்பகல் 3:42-க்கோ திரும்பிப் போவதற்கு. முழு பேக்கப்பும் அதன் பிறகான லாக் ஃபைல்களும் கையில் இருந்தால், 'இந்த நேரம் வரை மட்டும் ஏற்று' என்று நிமிடம் சொல்லி, தவறு நடப்பதற்கு முந்தைய கணத்தில் நிறுத்தலாம். அப்படி ஒரு தனிப் பிரதியை உருவாக்கி, அழிந்த பில்களை மட்டும் எடுத்து ஓடும் டேட்டாபேஸில் சேர்க்கலாம். லாகை ஏற்றிவிட்டோமே என்று ஃபைலை அழித்துவிடாதீர்கள் என்பது இதற்காகத்தான். லாக் ஃபைல்களைக் குறைந்தது இரண்டு வாரமாவது வைத்திருங்கள், மாதத்துக்கு ஒரு முழு பேக்கப்பை ஓர் ஆண்டுக்கு வைத்திருங்கள்.

2017-இல் நடந்த இரண்டு சம்பவங்களை இதற்காகவே பலரிடம் சொல்லி வருகிறேன். அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பிரதி சர்வர் முதன்மை சர்வரைவிடப் பின்தங்கிப்போனது. அதைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், பிரதியில் இருக்கிறோம் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபி போயிற்று. பிரதி சர்வரில் இருந்ததை மறுபடி ஒத்திசைப்பதற்காக ஏற்கெனவே அழித்திருந்தார்கள். தினசரி பேக்கப் இருக்கிறதே என்று தேடினால், அதுவும் இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. ஒவ்வொரு நாளும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் ஈமெயில்களை மெயில் சர்வர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஆறு மணி நேரம் முன்னதாக வேறொரு தேவைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்து டேட்டா போனது போனதுதான். இவை அனைத்தையும் அந்த நிறுவனமே மறைக்காமல் எழுதி வெளியிட்டது. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்தது அதே ஆண்டு ஜூன் மாதம். மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் நோட்பெட்யா வைரஸ் புகுந்தது. நெட்வொர்க்கில் யார் நுழையலாம் என்பதைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் சுமார் 150 ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்தன. ஒன்று போனால் மற்றவை இருக்கின்றன என்பதுதான் ஏற்பாடு. எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. கானாவில் மின்தடையால் நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த ஒன்று மட்டும் தப்பியது. அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் பேக்கப்பில் ஒரு பிரதியாவது கழற்றி வைத்த டிஸ்க்கில், வேறொரு கட்டிடத்தில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை மாற்றி மாற்றி எடுத்துப்போகும் இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் போதும். இத்தனை நாள் செய்துவந்த அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். எக்ஸ்பிரஸில் பேக்கப்பை என்கிரிப்ட் செய்யும் வசதி இல்லை என்பதால், அந்த டிஸ்க்கையே விண்டோஸின் என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கர் போட்டுப் பூட்டுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களின் கணக்கு அத்தனையும் அதில் பயணம் செய்கிறது. பூட்டின் சாவி சர்வரில் மட்டும் இருந்தால் பயனில்லை, தாளில் எழுதி முதலாளியிடம் கொடுத்துவையுங்கள்.

எச்சரிக்கை ஏற்பாட்டைப் பற்றி ஒன்று. 'பேக்கப் வெற்றி' என்று தினமும் வரும் ஈமெயிலை ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் திறப்பதில்லை. அது வராமல் நின்றாலும் யாரும் கவனிப்பதில்லை. பேக்கப் கம்ப்யூட்டரில் ஒரு சிறிய சோதனையை ஓடவிடுங்கள்: கடைசியாக வந்த லாக் ஃபைலுக்கு 20 நிமிடத்துக்கு மேல் வயதாகிவிட்டால் அலுவலகத் திரையில் பெரிதாகச் சிவப்பில் காட்டட்டும். சர்வர் செத்துப்போனாலும் இந்தச் சோதனை வேலை செய்யும், ஏனென்றால் அது வேறு கம்ப்யூட்டரில் இருக்கிறது.

வேறு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைஎஸ்கியூஎல்லில் இந்த லாகின் இடத்தில் பின்லாக் இருக்கிறது, 8.0 பதிப்பிலிருந்து அது தானாகவே ஆனில் வருகிறது. பிரதி சர்வரை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் தாமதமாக ஓடவிடும் அமைப்பும் அதில் உண்டு, தவறான அழிப்பிலிருந்து மீள அது மிகவும் உதவும். போஸ்ட்கிரெஸ்ஸில் வால் (WAL) எனப்படும் லாக் ஃபைல்கள் 16 எம்பி துண்டுகளாக எழுதப்படுகின்றன. அவற்றை முடிந்த கையோடு வேறிடத்துக்கு அனுப்பலாம், நேரலையாகவும் வாங்கிக்கொள்ளலாம். எஸ்கியூலைட் ஒரே ஃபைல்தானே என்று காப்பி எடுப்பவர்கள், அதன் பக்கத்திலேயே இருக்கும் வால் ஃபைலை விட்டுவிடுகிறார்கள். கடைசியாக எழுதியவை அதில் இருக்கலாம். அதற்கென்றே அதில் பேக்கப் கட்டளை இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் போன்றவற்றில் இப்படிப்பட்ட லாகே கிடையாது. எல்லோரும் வெளியே வந்த பிறகு ஃபைலைக் காப்பி எடுப்பதுதான் வழி, நொடிக்கு நொடி என்பது அங்கே நடக்காது.

உங்களுக்குத் திரும்ப வருகிறேன். இதையெல்லாம் ஒரே நாளில் அமைத்துவிட முனைய வேண்டாம். முதல் வேலையாக இன்று இரவு ஒரு முழு பேக்கப் எடுத்து, எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் மட்டும் நிறுவிய வேறொரு கம்ப்யூட்டரில் ரெஸ்டோர் செய்யுங்கள். 'வெரிஃபை ஒன்லி' கட்டளை சரி என்று சொன்னதோடு நிற்காதீர்கள். அது ஃபைலைப் படிக்க முடிகிறதா என்று மட்டும்தான் பார்க்கும், உள்ளே இருக்கும் டேட்டாவின் கட்டமைப்பைச் சோதிக்காது. ரெஸ்டோர் ஆன டேட்டாபேஸின் மேல், அந்தக் கட்டமைப்பைச் சோதிக்கும் செக்டிபி கட்டளையை ஓட்டுங்கள். பில்லிங் திரையை அந்தக் கம்ப்யூட்டருக்குத் திருப்பி, இன்று மாலை கடைசியாகப் போட்ட பில் எண்ணைத் தேடிப் பாருங்கள். தொடக்கம் முதல் பில் கண்ணில் படும் வரை எவ்வளவு நேரம் ஆனது, எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சர்வர் விழும் நாளில் முதலாளி முதலில் கேட்கப்போவது அந்த நேரத்தைத்தான். லாக் பேக்கப்புக்கான பேட்ச் ஃபைலை எழுதும்போது பிழைச் செய்தி ஏதும் வந்தால் அதை அப்படியே அனுப்புங்கள், எஸ்கியூஎல் சர்வரின் பதிப்பு எண்ணையும் சேர்த்து.